பழைய டாடாமொபைல் பிக்கப்பை வாங்கிச் சீரமைக்கத் தொடங்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டாடாமொபைல் 206, அதன் பின்வந்த 207 பிக்கப் வண்டிகளைப் பழசாக வாங்கி, மெல்ல மெல்லச் சரிசெய்து ஓட்ட நினைப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. தமிழ்நாட்டுப் பதிவெண் உள்ள வண்டியை மனத்தில் வைத்தே பதில் எழுதியிருக்கிறேன். வண்டியைப் பார்ப்பது, வாங்குவது, வீட்டுக்குக் கொண்டுவருவது, முதல் சில மாத வேலை, இவ்வளவுதான் இதில் உண்டு. பளபளவென்று கட்டி முடிக்கும் கதை வேறு.

இந்த வண்டியில் அப்படி என்ன இருக்கிறது?

லாரியும் பஸ்ஸும் செய்துகொண்டிருந்த டெல்கோ 1986இல் 407 என்ற சின்ன லாரியை இறக்கியது. அடுத்து 1988இல் புணே ஆலையிலிருந்து டாடாமொபைல் 206 வந்தது. கார் மாதிரி கேபின், பின்னால் திறந்த தொட்டி, 1,948 சி.சி. டீசல் இன்ஜின். இதன் அடித்தளத்தில்தான் 1991இல் சியரா காரும் 1992இல் எஸ்டேட் காரும் வந்தன. 1994இல் வந்த சுமோவிலும் இதே குடும்பத்து இன்ஜின். டெல்கோவே 2003இல் டாடா மோட்டார்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டது.

இந்த வரலாறு பெருமைக்காக மட்டும் இல்லை, ஸ்பேர் பார்ட்ஸுக்கு உதவும். உங்கள் ஊரில் சுமோ பார்த்த மெக்கானிக் ஒருவர் நிச்சயம் இருப்பார். பானெட்டைத் திறந்து காட்டினால் அவருக்கு அறிமுகம் தேவைப்படாது.

ஜீப் வாங்கினால் என்ன?

வாங்கலாம். பழைய மஹிந்திரா ஜீப்புக்கு மட்கார்டு முதல் முழு பாடி வரை புதிதாகவே கிடைக்கிறது. ஆனால் ஜீப் பிரியர்கள் விலையை எங்கேயோ கொண்டுபோய்விட்டார்கள். 206ஐ இன்னும் யாரும் கொண்டாடத் தொடங்கவில்லை. அதனால் விலை குறைவு. அதே காரணத்தால் நல்ல வண்டிகள் எடைக்குப் போய்க்கொண்டும் இருக்கின்றன.

206 வாங்குவதா, 207 வாங்குவதா?

தோட்டத்துக்கும் கடைக்கும் தினமும் லோடு அடிக்க வேண்டும் என்றால் 207 டி.ஐ. பாருங்கள். கிட்டத்தட்ட மூன்று லிட்டர் இன்ஜின், இழுவை அதிகம், இன்னும் ரோட்டில் ஓடிக்கொண்டிருப்பதால் பாகங்களுக்குப் பஞ்சமில்லை. வண்டியின் அழகுக்காக என்றால் 206தான். அதில் இருப்பது அறுபத்துச் சொச்சம் குதிரைத்திறன். மேட்டில் லோடோடு போகும்போது பின்னால் வருபவர் ஹாரன் அடிப்பார், பழகிக்கொள்ளுங்கள்.

எங்கே தேடுவது?

விளம்பரங்களில் வருவது பெரும்பாலும் ஓடுகிற 207. பழைய 206 கிடப்பது அரிசி ஆலைக்குப் பின்னால், ஹார்டுவேர் கடை குடோனில், கோழிப்பண்ணை ஓரத்தில், புளியமரத்தடியில். டயர் கடைக்காரர், பேட்டரி கடைக்காரர், எஃப்.சி. (தகுதிச் சான்று) வேலை பார்க்கும் டிங்கர், இவர்களிடம் சொல்லி வைத்தால் எந்த வண்டி எங்கே தூங்குகிறது என்று சொல்லிவிடுவார்கள். புரோக்கர் வழியாகப் போனால் கமிஷனை முதலிலேயே பேசிவிடுங்கள்.

முதலில் பார்க்க வேண்டியது இன்ஜினா, பாடியா?

இரண்டும் இல்லை, தாள்தான். இன்ஜினை இறக்கிச் சரிசெய்யலாம். இத்துப்போன தகரத்தை வெட்டி எறிந்து புதுசு வைக்கலாம். செத்துப்போன ஓனர், மூடிப்போன ஃபைனான்ஸ், காணாமல் போன ஆர்.சி. புக், இந்த மூன்றும் சேர்ந்துவிட்டால் எந்தப் பட்டறையாலும் சரிசெய்ய முடியாது. பழைய பிக்கப் வாங்கி ஏமாந்தவர்களின் கதையைக் கேட்டால் பாதிக்கு மேல் தாளில்தான் போய் முடியும்.

சரி, தாளில் என்னென்ன பார்க்க வேண்டும்?

ஆர்.சி. யார் பெயரில் இருக்கிறது, விற்பவர் அவர்தானா என்பது முதல் கேள்வி. பிக்கப் வண்டிகள் கைமாறிக் கைமாறி, கையெழுத்துப் போட்ட வெற்றுப் படிவத்தோடு மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும். நான்காவது கைக்காரர் உங்களிடம் விற்பார், ஆர்.சி.யில் இருப்பவர் இதை விற்று இருபது வருடம் ஆகியிருக்கும். சட்டத்தின் கண்ணில் பதிவேட்டில் இருப்பவர்தான் ஓனர். விபத்து இழப்பீட்டில் பொறுப்பு அவருக்கே என்று 2018இல் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. பழைய ஓனரிடம் இதைச் சொன்னால் அவரே முன்வந்து கையெழுத்துப் போடுவார். அவரைச் சம்மதிக்க வைக்க இது நல்ல வழி.

பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. ஓனர் இறந்திருந்தால் முதலில் வாரிசு பெயருக்கு மாற வேண்டும், அதற்குப் படிவம் 31, இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ். மூன்று பிள்ளைகள் இருந்து இருவர் மட்டும் சம்மதித்தால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள். ஏலத்தில் எடுத்ததென்றால் படிவம் 32. வேறு மாவட்டம், வேறு மாநிலம் என்றால் என்.ஓ.சி.க்கு, அதாவது தடையில்லாச் சான்றுக்குப் படிவம் 28.

அடுத்து ஹெச்.பி., அதாவது ஆர்.சி.யில் இருக்கும் ஃபைனான்ஸ் கடன் பதிவு. அந்தக் காலத்து பிக்கப்பில் பெரும்பாலானவை ஃபைனான்ஸில் எடுத்தவை. கடன் எப்போதோ முடிந்திருக்கும், ஆனால் ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் பெயர் அப்படியே நிற்கும். அதை எடுக்கப் படிவம் 35இல் அந்த ஃபைனான்ஸின் கையெழுத்து வேண்டும். ஊர்ப்பக்கத்துச் சின்ன ஃபைனான்ஸ் பல மூடிவிட்டன. "அதெல்லாம் சும்மா, ஆபீஸில் பார்த்துக்கலாம்" என்று விற்பவர் சொன்னால், பார்த்து முடித்துவிட்டு வரச் சொல்லுங்கள், பணத்தை அப்புறம் கொடுக்கலாம்.

மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் பதிவெண்ணைப் போட்டுப் பாருங்கள். விவரமே வரவில்லை என்றால் உடனே பயப்பட வேண்டாம். கம்ப்யூட்டர் வருவதற்கு முன் பதிவான வண்டிகளில் சில இன்னும் ஆன்லைனில் ஏறவில்லை. பதிவு செய்த ஆர்.டி.ஓ. ஆபீஸில் பழைய ரிஜிஸ்டரைப் பார்த்து ஏற்ற வேண்டும், பேக்லாக் என்ட்ரி என்பார்கள். அசல் ஆர்.சி. கையில் இருந்தால் நடக்கும், பொறுமையும் வேண்டும். இல்லையென்றால் மிகக் கஷ்டம்.

எஃப்.சி. முடிந்து பல வருடம் கிடந்த வண்டி என்றால்?

இங்கேதான் பலர் கணக்கு போட மறக்கிறார்கள். பிக்கப் சரக்கு வண்டி, அதாவது சட்டப்படி போக்குவரத்து வாகனம். சொந்தத் தோட்டத்துத் தேங்காயை மட்டும் ஏற்றினாலும் அப்படித்தான். எட்டு வயது வரை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை எஃப்.சி., அதற்கு மேல் வருடா வருடம். எஃப்.சி. காலாவதியான பிறகு நாள் ஒன்றுக்கு 50 ரூபாய் கூடுதல் கட்டணம் என்று மத்திய விதியில் இருக்கிறது. ஐந்து வருடம் கிடந்தால் 91,250 ரூபாய். வண்டியின் விலையே அவ்வளவு இருக்காது! இதற்கு மேல் சாலை வரி பாக்கி, பசுமை வரி, பழைய அபராதம் எல்லாம் உண்டு.

வண்டி ஓடவில்லை என்று பழைய ஓனர் ஆர்.டி.ஓ. ஆபீஸில் முன்பே எழுதிக் கொடுத்திருக்கிறாரா என்று கேளுங்கள். கொடுத்திருந்தால் அந்தத் தாளை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். எப்படியானாலும் முன்பணம் கொடுப்பதற்கு முன் ஆர்.டி.ஓ. ஆபீஸில் மொத்தம் எவ்வளவு கட்ட வேண்டும் என்று விசாரித்துவிடுங்கள். பழைய வண்டிகளின் எஃப்.சி., பதிவுக் கட்டணங்கள் 2022 ஏப்ரலில் ஒரு முறை எகிறின, 2025இல் இன்னொரு முறை. பழைய ரசீதைப் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள்.

15 வயது ஆன வண்டியை அரசே உடைத்துவிடும் என்கிறார்களே?

தனியார் வண்டிக்குத் தமிழ்நாட்டில் அப்படி ஒரு வயதுத் தடை இல்லை. எஃப்.சி.யில் தேறினால் ஓட்டலாம். டீசல் என்றால் 10 வருடம், பெட்ரோல் என்றால் 15 வருடம் என்ற கெடுபிடி டெல்லித் தலைநகர்ப் பகுதிக்கானது. அந்தச் செய்தியைத்தான் ஆளாளுக்கு ஃபார்வர்டு செய்துகொண்டிருக்கிறார்கள்.

ஆனால் அரசுத் துறை வண்டிகள் வேறு. 2023 ஏப்ரல் 1 முதல் 15 வயது கடந்த அரசு வண்டிகளின் பதிவைப் புதுப்பிக்க முடியாது. அவை உடைக்கும் நிலையத்துக்குத்தான் போக வேண்டும். "டிபார்ட்மென்ட் வண்டி, ஒரே டிரைவர், ஏலத்தில் எடுத்தது" என்று யாராவது ஆசை காட்டினால், ஏலம் எப்போது நடந்தது, பெயர் மாறிவிட்டதா என்று கேளுங்கள்.

வின்டேஜ் என்று பதிவு செய்ய முடியுமா?

முடியாது. 2021இல் வந்த வின்டேஜ் விதி 50 வயது கடந்த இருசக்கர வாகனங்களுக்கும் பயணிகள் நான்கு சக்கர வாகனங்களுக்கும் மட்டும். சரக்கு வண்டி அந்தப் பிரிவிலேயே வராது. வந்தாலும் முதல் 206க்கு 50 வயது ஆக 2038 வரை காத்திருக்க வேண்டும்.

வண்டி என்ன லோடு அடித்தது என்று கேட்கச் சொல்கிறீர்களே, ஏன்?

கிலோமீட்டர் மீட்டரை நம்ப முடியாது, அது பெரும்பாலும் நின்றுபோயிருக்கும். லோடு பொய் சொல்லாது. ஜவுளி, பால் கேன், காய்கறி அடித்த வண்டி என்றால் சந்தோஷப்படலாம். கம்பி, சிமென்ட், செங்கல் என்றால் அடிச்சட்டமான சேசிஸில் விரிசலும் நிமிர்ந்துபோன ஸ்பிரிங் பட்டையும் இருக்கும். உர மூட்டையும் கோழி எருவும் தொட்டித் தகரத்தை மெதுவாகத் தின்னும். மோசமானது மீன் லோடு. ஐஸ் கரைந்த உப்புத் தண்ணீர் தொட்டி மூலையில் வழிந்து, சேசிஸ் மேல் விழுந்து, பிரேக் பைப் மேல் ஓடி, ஹேண்ட்பிரேக் கேபிளுக்குள் இறங்கியிருக்கும். மேலே புதுப் பெயின்ட், கீழே பிஸ்கட் மாதிரி உதிரும்.

பதிவெண்ணும் கொஞ்சம் பேசும். டி.என். 69 தூத்துக்குடி, 65 ராமநாதபுரம் என்றால் தரையை இன்னொரு முறை தட்டிப் பாருங்கள். 43 ஊட்டி என்றால் கிளட்ச்சும் பிரேக்கும் படாதபாடு பட்டிருக்கும். 33 ஈரோடு என்றால் துணி மூட்டை சுமந்திருக்க வாய்ப்பு உண்டு. ஆனால் எண் சொல்வது பதிவு செய்த ஊரை மட்டும். அப்புறம் எங்கெங்கே போனதோ, விற்பவரின் பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்டால் தெரியும்.

சேசிஸை எப்படிச் சோதிப்பது?

பழைய சட்டை, டார்ச், சின்னச் சுத்தியல், திருப்புளி, குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டும் காந்தம் ஒன்று. இவ்வளவு போதும். அடியில் படுத்து, சேசிஸ் நெடுக சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு 'டங்' என்று பதில் சொல்லும், இத்தது 'தொப்' என்று அமுங்கும். கேபினும் தொட்டியும் சேரும் இடைவெளிக்கு நேர் கீழே கவனமாகப் பாருங்கள். ஓவர்லோடு அடித்த வண்டிகளில் அங்கேதான் விரிசல் விடும், வெல்டிங் போட்டு மறைத்திருப்பார்கள். பின் ஸ்பிரிங் தொங்கும் பிராக்கெட், கேபின் உட்காரும் ரப்பர் மவுண்டிங், பேட்டரி வைக்கும் தட்டின் அடிப்பக்கம், டிரைவர் கால் வைக்கும் தரை, கண்ணாடிக்குக் கீழ் விளிம்பு, இவை அடுத்தடுத்து. தரை விரிப்பைத் தூக்கிப் பார்க்கக் கூச்சப்பட வேண்டாம்.

கதவின் அடிப்பகுதியிலும் மட்கார்டிலும் காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டாமல் வழுக்கினால் அங்கே இருப்பது இரும்பு இல்லை, பள்ளம் அடைக்கும் பட்டி. சின்ன இடத்தில் பட்டி இருந்தால் பரவாயில்லை, முழங்கை நீளத்துக்கு இருந்தால் விலையில் பேசுங்கள்.

சேசிஸில் அடித்திருக்கும் நம்பரைத் தேடிப் பிடித்து, துடைத்து, ஆர்.சி.யோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பாருங்கள். எஃப்.சி.க்கும் பெயர் மாற்றத்துக்கும் அதன் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரின்ட் எடுப்பார்கள். துரு தின்று எழுத்து தெரியாமல் போயிருந்தாலோ, அந்த இடத்துக்குப் பக்கத்தில் வெல்டிங் இருந்தாலோ வாங்காதீர்கள். சுத்தம் செய்யும்போதும் அந்த இடத்தில் கிரைண்டரை வைக்கவே கூடாது.

ஓடுகிற வண்டி என்றால் நேரான ரோட்டில் ஒருவரை ஓட்டச் சொல்லி, பின்னால் இன்னொரு வண்டியில் போங்கள். பின்சக்கரம் முன்சக்கரத் தடத்தில் வராமல் ஒருபக்கமாக ஒதுங்கி வந்தால் சேசிஸ் கோணியிருக்கிறது, அல்லது பின் ஆக்சில் நகர்ந்திருக்கிறது. பின்னது சின்ன வேலை. முன்னது என்றால் வீட்டுக்குத் திரும்பிவிடலாம்.

இன்ஜினில் என்ன கேட்க வேண்டும், என்ன பார்க்க வேண்டும்?

போய் இறங்கியதும் பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் நீங்கள் வருவதற்கு முன் ஸ்டார்ட் பண்ணிச் சூடேற்றி வைத்திருக்கிறார்கள். டீ குடித்துவிட்டு வருவதாகச் சொல்லி இரண்டு மணி நேரம் கழித்து வாருங்கள். பழைய டீசல் இன்ஜினின் உண்மை குளிர்ந்த ஸ்டார்ட்டில்தான் தெரியும். ஹீட்டர் பிளக் விளக்கு அணைந்த பிறகு செல்ஃப் அடித்தால் சட்டென்று பிடிக்க வேண்டும். கொஞ்ச நேரம் வெள்ளைப் புகை வந்து மறைந்தால் சரி. மறையாமல் வந்துகொண்டே இருந்தால் கம்ப்ரஷன் குறைவாக இருக்கலாம், பம்ப் டைமிங்கோ நாசிலோ கெட்டிருக்கலாம். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. முடுக்கும்போது மட்டும் கறுப்பு வந்தால் நாசிலும் ஏர் ஃபில்டரும் பார்க்க வேண்டும், பெரிய பயம் இல்லை.

ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். லேசாக ஆவி வரும். குபுகுபுவென்று ரயில் எஞ்சின் போலத் தள்ளினால் ரிங்கும் லைனரும் தேய்ந்துவிட்டன, இன்ஜின் இறக்க வேண்டும். டிப்ஸ்டிக்கில் ஆயில் பால்காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. வண்டி குளிர்ந்திருக்கும்போதே ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். தண்ணீரில் விடாமல் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட் போயிருக்கும், ஹெட்டில் கிராக்கும் இருக்கலாம். சூடான பிறகு அந்த மூடியைத் தொடக்கூடாது, முகம் வெந்துவிடும்.

ஸ்டார்ட்டே ஆகாத வண்டியை வாங்கலாமா?

இன்ஜின் கையால் சுற்றுகிறதா என்பதைப் பொறுத்தது. கியரை நியூட்ரலில் போட்டு, கிராங்க் புல்லி போல்ட்டில் ஸ்பானர் போட்டுச் சுற்றிப் பாருங்கள். சுற்றினால் நம்பிக்கை உண்டு. பிடித்துக்கொண்டிருந்தால் செல்ஃப் அடித்தோ, வண்டியைத் தள்ளியோ, டிராக்டரில் கட்டி இழுத்தோ எடுக்கப் பார்க்காதீர்கள். பிடித்துக்கொண்ட ரிங் உடைந்து லைனரைக் கிழித்துவிடும். ஹீட்டர் பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாக ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் கொஞ்சம் டீசலும் ஆயிலும் கலந்து விட்டு, சில நாள் ஊறவிட்டு, முன்னும் பின்னுமாக மெதுவாக அசைத்துப் பார்க்க வேண்டும். விடுபட்டால், பிளக்குகளை மாட்டாமலே சில சுற்று சுற்றி உள்ளே இருக்கும் திரவத்தை வெளியேற்றிவிட வேண்டும். உள்ளே திரவம் நின்றபடி ஸ்டார்ட் செய்தால் கனெக்டிங் ராட் வளையும்.

விலை பேசும்போது மட்டும், "இது இன்ஜின் இல்லாத வண்டி" என்று எடுத்துக்கொண்டே பேசுங்கள்.

எவ்வளவு கொடுக்கலாம்?

ஊருக்கு ஊர் விலை மாறுவதால் தொகை சொல்வதில் பயன் இல்லை. தாள் சரியில்லாத வண்டிக்கு எடைக்குப் போட்டால் கிடைக்கும் விலைக்கு மேல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள், அதுவும் உதிரிபாகத்துக்காக மட்டும். நடப்பு எஃப்.சி.யோடு ஓடுகிற வண்டிக்குக் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் லாபம்தான். வாங்கும் விலையைப் போல இரண்டு மூன்று மடங்கு வேலைக்கு ஒதுக்க முடியாது என்றால் இப்போது வாங்க வேண்டாம்.

வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வரலாமா?

பல மாதம் கிடந்த வண்டி என்றால் கூடாது. பிரேக் பிடிக்கும், அடுத்த மிதியில் பிடிக்காது. தவிர எஃப்.சி.யும் இன்ஷூரன்ஸும் இல்லாமல் ரோட்டில் ஏறக்கூடாது. ரெக்கவரி லாரியில் ஏற்றுங்கள். கயிறு கட்டி இழுப்பதும் வேண்டாம், மிதியை லேசாக்கும் வேக்கம் உதவி இல்லாத பிரேக்கும் துருப்பிடித்த ஸ்டியரிங்கும் சேர்ந்தால் முன்னால் இழுக்கும் வண்டியின் பின்பக்கத்தில் போய்த்தான் நிற்கும்.

வந்தாயிற்று. முதல் வேலை என்ன?

கழுவுங்கள். நிஜமாகத்தான் சொல்கிறேன். அடிப்பக்கம் முழுவதும் பிரஷர் வாஷ் அடித்தால்தான் எங்கே கசிகிறது, எங்கே இத்திருக்கிறது என்று தெரியும். பிறகு ஒவ்வொரு மூலையையும் செல்போனில் படம் எடுங்கள். வயர் போகும் வழி, ஹோஸ் மாட்டியிருக்கும் விதம், வாஷர் இருக்கும் வரிசை எல்லாம் ஆறு மாதம் கழித்து அந்தப் படத்தில்தான் இருக்கும், உங்கள் தலையில் இருக்காது.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. உற்சாகத்தில் முழு வண்டியையும் ஒரே வாரத்தில் பிரித்துப் போட்டுவிடாதீர்கள். பாதியில் நின்ற வண்டிகள் எல்லாம் அப்படித்தான் சாக்குமூட்டைக்குள் போயின. மூட்டையில் இருக்கும் வண்டியை யாரும் வாங்கவும் மாட்டார்கள். பிரேக்கைப் பிரித்தால் பிரேக்கை முடித்துவிட்டு அடுத்ததைத் தொடுங்கள். வண்டி எப்போதும் சக்கரத்தில் நின்று நகரும் நிலையிலேயே இருக்கட்டும்.

பிரேக்கில் எதை மாற்ற வேண்டும், எதை விட்டுவைக்கலாம்?

ரப்பராக இருக்கும் எல்லாவற்றையும் மாற்றுங்கள். மாஸ்டர் சிலிண்டர் கிட், வீல் சிலிண்டர் கிட், பிரேக் ஹோஸ். சிலிண்டரின் உட்சுவரில் துரு குழி போட்டிருந்தால் கிட் போட்டுப் பயனில்லை, சிலிண்டரையே மாற்ற வேண்டும். இரும்பு பைப்பை விரலால் தடவிப் பாருங்கள், செதில் செதிலாக வந்தால் முழு நீளமும் புதிது போடுங்கள். ஒட்டுப் போட்ட பிரேக் பைப்பை நம்பி உயிரை வைக்க வேண்டாம். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். பழைய டப்பாவில் பாதி மிச்சம் இருந்ததை ஊற்றாதீர்கள்.

டிரம்மைத் திறந்ததும் காம்ப்ரஸர் காற்றை அடித்துத் தூசியை ஊதுவது நம் பட்டறைகளில் வழக்கம். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும், அந்தத் தூசி நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது. ஈரத்துணியால் துடைத்துத் துணியை எறிந்துவிடுங்கள். மெக்கானிக் சிரித்தால் சிரிக்கட்டும்.

பிரேக்கின் வேக்கம் பம்பும் பார்க்க வேண்டிய இடம். டீசல் இன்ஜினில் பெட்ரோல் இன்ஜின் போலத் தானாக வேக்கம் கிடைக்காது, தனிப் பம்ப் உண்டு. அது செத்திருந்தால் பெடல் கல்லாக இருக்கும்.

டீசல் டேங்க், பம்ப்?

டேங்கை இறக்கி, பழைய டீசலைக் கொட்டி, உள்ளே இருக்கும் சகதியைக் கழுவுங்கள். ஓட்டை இருந்தால் டேங்க் வேலை தெரிந்தவரிடம் மட்டும் கொடுங்கள். காலி டேங்க் என்று நினைத்து வெல்டிங் வைத்தால் உள்ளே இருக்கும் ஆவி வெடிக்கும். ஹோஸ், ஃபில்டர் எல்லாம் புதிது. பம்பையும் நாசிலையும் வீட்டில் திறக்க வேண்டாம், காலிப்ரேஷன் பெஞ்ச் இருக்கும் பம்ப் சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோங்கள். 2020 ஏப்ரலிலிருந்து நாடு முழுக்க விற்பது கந்தகம் மிகக் குறைந்த பி.எஸ். 6 டீசல். இந்த வகை டீசலில் பழைய பம்பின் ரப்பர் சீல் சுருங்கிக் கசிவது உண்டு. சீல் கிட் மாற்றினால் தீரும்.

துருவை எப்படிப் போக்குவது? எப்போது பெயின்ட் அடிப்பது?

பெயின்ட் கடைசி. அதற்கு முன் ஒரு மழைக்காலம் வண்டியை ஓட்டிவிடுங்கள், எங்கெல்லாம் தண்ணீர் இறங்குகிறது என்று தெரிந்துவிடும்.

சேசிஸுக்கு மணல் அடிப்பது (சாண்ட் பிளாஸ்டிங்) நல்லது. கதவு, பானெட் போன்ற மெல்லிய தகரத்துக்கு அதே வேகத்தில் அடித்தால் நெளிந்துவிடும், அங்கே வயர் பிரஷும் உப்புத்தாளும் கையுமாகத்தான் வேலை. மேலோட்டமான துருவுக்கு பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு மாற்றி பூசலாம். ஓட்டை விழுந்த இடத்துக்கு அது மருந்து இல்லை. நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டி, அளவாகத் தகரம் வைத்து, சின்னச் சின்னப் புள்ளியாக வெல்டிங் வைத்து, உட்பக்கமும் பிரைமர் அடிக்க வேண்டும். டிங்கர் அவசரத்தில் பழைய தகரத்தின் மேலேயே புதுத் தகரத்தை ஒட்ட வைக்கப் பார்ப்பார். இரண்டுக்கும் நடுவில் ஈரம் தங்கி, அடுத்த வருடமே பொங்கி வரும். பக்கத்தில் நின்று பாருங்கள். வெல்டிங் வைக்கும்போது பேட்டரி ஒயரைக் கழற்றச் சொல்லுங்கள்.

ரெட் ஆக்சைடு மலிவு, ஆனால் அடிப்பக்கத்துக்கு எபாக்சி பிரைமரே நிற்கும். நிறத்தை மாற்ற ஆசை என்றால் ஆர்.சி.யிலும் மாற்ற வேண்டும். பழைய நிறத்திலேயே விடுவது என் விருப்பம்.

பாகங்கள் எங்கே கிடைக்கும்?

சென்னையில் புதுசுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, பழசுக்குப் புதுப்பேட்டை. கோயம்புத்தூரில் பழசுக்கு உக்கடம். அங்கேயே நல்ல லேத் பட்டறைகளும் இருப்பதால், கிடைக்காத புஷ்ஷையும் பின்னையும் கடைந்தே வாங்கிவிடலாம். தொட்டி வேலைக்கு நாமக்கல், திருச்செங்கோடு, கரூர் பக்கம் பாடி கட்டும் பட்டறைகள் உண்டு. லாரிக்கே பாடி கட்டுகிறவர்களுக்கு இது சின்ன வேலை, அதனாலேயே தள்ளிப்போடுவார்கள். கடைக்குப் போகும்போது பழைய பாகத்தைக் கையோடு கொண்டுபோங்கள். "206க்கு வேணும்" என்றால் "இல்லை" என்பார். பாகத்தை மேஜையில் வைத்தால் "அட, சுமோது" என்று எடுத்துத் தருவார். ரப்பர் பீடிங், கேபின் உள்பாகங்கள்தான் உண்மையான தட்டுப்பாடு. உடைக்கும் வண்டி எங்கேயாவது கண்ணில் பட்டால் தேவை வருவதற்கு முன்பே வாங்கி வைக்கலாம்.

வேறு இன்ஜின் மாட்டலாமா?

அதே வகை இன்ஜினை மாற்றினாலும் இன்ஜின் நம்பர் ஆர்.சி.யில் ஏற வேண்டும், அந்த இன்ஜின் எந்த வண்டியிலிருந்து வந்தது என்பதற்குத் தாளும் வேண்டும். பெரிய இன்ஜின் என்றால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு குறுக்கே நிற்கும். கம்பெனி குறிப்பிட்டதிலிருந்து மாறுபடும் மாற்றத்தை அது அனுமதிப்பதில்லை. எஃப்.சி.க்குப் போகும் ஒவ்வொரு வருடமும் இந்தத் தலைவலி இருக்கும்.

டயரில் பட்டன் நிறைய இருக்கிறது. அப்படியே ஓட்டலாமா?

பக்கச்சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 1412 என்றால் 2012ஆம் ஆண்டின் 14ஆவது வாரம். பத்து வயது தாண்டியிருந்தால் பட்டன் எவ்வளவு இருந்தாலும் தூக்கிப்போடுங்கள்.

இன்ஷூரன்ஸ் கிடைக்குமா?

மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் கட்டாயம், அது கிடைக்கும். வண்டிக்கான முழு இன்ஷூரன்ஸ் கிடைப்பதுதான் கஷ்டம். ஐந்து வயது கடந்த வண்டியின் மதிப்பைக் கம்பெனியும் நீங்களும் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். இந்த வயது வண்டிக்குப் பலர் மறுத்துவிடுவார்கள். நீங்கள் செலவு செய்த பில்களையும் படங்களையும் வைத்திருந்தால் பேசுவதற்குப் பிடி இருக்கும்.

சாதாரண கார் லைசென்ஸ் போதுமா?

போதும். மொத்த எடை 7,500 கிலோவுக்கு மிகாத சரக்கு வண்டியை இலகுரக வாகன லைசென்ஸில் ஓட்டலாம் என்பதை உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் உறுதி செய்தது. 206ம் 207ம் அந்த எல்லைக்கு வெகு கீழே இருக்கின்றன. தொட்டியில் ஆட்களை ஏற்றிக்கொண்டு கோயிலுக்குப் போக மட்டும் அந்த லைசென்ஸ் உதவாது. அது எந்த லைசென்ஸிலும் குற்றம்தான்.